ஓவர்கிளாக்கிங்: துடிப்பேற்றமா, மேல்காலமா, கடிதுடிப்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வன்பொருள் செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கடைசிப் பயிற்சி நினைவகத்தைப் பற்றியது. பெட்டியில் டிடிஆர்5-6000 (டிடிஆர்5 என்பது நினைவகத்தின் தலைமுறை, 6000 அதன் வேக எண்) என்று போட்டிருக்கும் ராமைப் பொருத்திக் கணினியைக் கிளப்பினால் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் போய், ராமிலேயே தயாரிப்பாளர் எழுதிவைத்த எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் 6000 கிடைக்கும். அதற்குப் பிறகு மாணவர்கள் 6200, 6400 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் திறனை அளந்து, பிழை வருகிறதா என்று சோதிக்கவேண்டும்.

கடிகாரத் துடிப்பை வரம்புக்கு மேல் ஏற்றுகிற இந்த வேலைக்கு, அதாவது ஓவர்கிளாக்கிங்குக்கு, என்ன பெயர் வைப்பது? பழைய குறிப்பேட்டில் "மிகைக் கடிகாரமிடல்" என்று இருந்தது. ஒரு மாணவி, "கூடுதலா ஒரு கடிகாரம் வைக்கணுமா மிஸ்?" என்று கேட்டாள். சொல் அப்படித்தான் சொல்கிறது, அவளைக் குறை சொல்ல முடியாது. வினைச்சொல்லாகவும் வரவேண்டும், "இப்போது இதைச் செய்க" என்று கட்டளையாக எழுதவேண்டிய இடங்கள் நிறைய. கூடவே, கேட்ட தரவு வந்துசேர ஆகும் நேரத்துக்கும் ஒரு சொல் தேவை. தாமதம் என்று போட்டால் ஏதோ பழுது போலத் தெரிகிறது.

ஆசிரியை, திருநெல்வேலி

---

ஆசிரியைக்கு வணக்கம்.

கடிகாரத்தை விடுங்கள், கடியைப் பிடியுங்கள். தொல்காப்பியத்தில் உரிச்சொற்களைப் பற்றிய இயலான உரியியலில் கடி என்னும் ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள்: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. அடுத்த நூற்பாவில் ஐயமும் கரிப்பும் சேர்கின்றன. உங்களுக்கு வேண்டியது விரைவும் மிகுதியும். இரண்டும் ஓரெழுத்துக்கூடச் சேர்க்காமல் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. வரம்பு மீறும்போது வரும் அச்சமும், கணினி எழுந்திருக்குமா என்ற ஐயமும் உள்ளே இருக்கின்றன. ஆகவே "கடிதுடிப்பு". வினை: கடிதுடிப்பித்தல்.

கடிகாரம், கடிகை ஆகிய சொற்களும் இந்தக் கடியிலிருந்து வந்தவை என்பதே என் கருத்து. வரைவு என்றால் எல்லை. பொழுதுக்கு எல்லை வகுப்பது கடிகை. முல்லைப்பாட்டில் பாசறையில் நாழிகை சொல்பவர்களைப் "பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்" என்கிறார் புலவர். அவர்கள் பார்த்துச் சொல்வது "குறுநீர்க் கன்னல்". துடிப்புக் கணக்கு நமக்குப் புதிதன்று.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

---

ஐயா, வணக்கம்.

நான் ரிச்சி தெருவில் கணினி கட்டிக் கொடுக்கிறேன். கடி என்று எழுதினால் படிக்கிற பையன் கண்ணுக்குப் பல்லால் கடிப்பதுதான் தெரியும். உரியியல் தெரிந்தவர் இந்தக் கையேட்டைப் புரட்டப் போவதில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் "ஓவர்கிளாக் பண்ணலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்பதும் தொல்காப்பியம்தானே?

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சோதனைப் பகுதி. திரை எரிந்து விண்டோஸ் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் ராமை அவராகவே ஏற்றியிருந்தார். விளையாட்டெல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனால் சுருக்கி வைத்த பெரிய கோப்புகள் விரியும்போது ஒவ்வொன்றாகப் பழுதாகின. நினைவகத்தில் எப்போதாவது ஒரு பிட் மாறினால் உடனே எதுவும் தெரியாது. மாறிய தரவு அப்படியே வட்டில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரல் இரவு முழுக்க ஓடவேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்வி என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

அது தேறினாலும் போதாது. கிராபிக்ஸ் கார்டு சூடாகும்போது அந்தக் காற்று ராம் மேலேயும் அடிக்கும். நினைவகச் செல் என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் சிறு மின்தேக்கி. சூடு ஏறினால் கசிவும் ஏறும். தனியாகச் சோதித்தபோது தேறிய ராம், கார்டும் சேர்ந்து உழைக்கும்போது தோற்கும். இரண்டையும் ஒன்றாக ஓட்டியும் பார்க்கவேண்டும்.

சென்னை

---

அன்புள்ள எல்லோருக்கும்,

பெங்களூரில் சில்லு சரிபார்ப்பு வேலையில் இருக்கிறேன். சொல்லுக்கு முன்னால், எதற்கு மேல் ஏற்றுகிறோம் என்று பார்க்கலாம்.

டிடிஆர்5 தரத்தை, நினைவகத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஜெடெக் 2020-இல் வெளியிட்டது. அதன்படி மின்னழுத்தம் 1.1 வோல்ட். கடையில் கிடைக்கும் 6000 ராம் எக்ஸ்போவில் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். செயலி தயாரிப்பாளரும் ஒரு வரம்பு சொல்கிறார். ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி நிறுவனம் அறிவித்தது 5200. ஆகவே பெட்டியில் அச்சிட்ட 6000-ஐ அப்படியே இயக்குவதும் வரம்பு மீறல்தான். எக்ஸ்போ என்பதன் விரிவிலேயே ஓவர்கிளாக்கிங் இருக்கிறது. மாணவர் தன் கையால் 6200 என்று தட்டும்போதுதான் இது தொடங்குகிறது என்று கையேடு சொன்னால் அது பிழை.

அடுத்தது, 6000 என்பது கடிகாரத் துடிப்பு அல்ல. துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் ஒவ்வொரு முறை தரவு போவதால் நொடிக்கு 600 கோடிப் பரிமாற்றம். ஒரு பரிமாற்றத்துக்கு 8 பைட் என்றால் ஒரு நினைவகத் தடத்தில் நொடிக்கு 48 ஜிகாபைட், இரண்டு தடத்தில் 96. இதுவே 4800-இல் 76.8. மாணவர்கள் அளக்கும்போது இந்த உச்சத்தை எட்டமாட்டார்கள், ஆனால் எது உச்சம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

வேகம் என்ற சொல்லை மட்டும் தலைப்பில் வைக்காதீர்கள். டிடிஆர்4-3200 சிஎல்16 என்றால் 16 துடிப்புக் காத்திருப்பு, அதாவது 10 நானோநொடி. டிடிஆர்5-6000 சிஎல்30-க்கும் அதே 10 நானோநொடிதான். எதுவும் செய்யாமல் 4800 சிஎல்40-இல் விட்டால் 16.7 ஆகிறது, பழைய ராமைவிட மோசம்.

என் பரிந்துரை "மேல்காலம்". கச்சேரி கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதே பாட்டு, அதே தாளம், ஆனால் இரட்டிப்பு விரைவு.

பெங்களூர்

---

வணக்கம்.

பெங்களூர் நண்பர் சொன்ன மேல்காலம் அழகான சொல். ஆனால் இங்கே பொருந்தாது. நான் மிருதங்கம் வாசிப்பவன். மேல்காலத்தில் கை போடும் தாளம் அப்படியே நிற்கும். ஒரு தட்டுக்குள் விழும் சுரங்கள்தான் இரட்டிக்கும். ஒரே துடிப்பில் இரண்டு முறை தரவு போவது என்று நீங்களே விளக்கினீர்களே, அதுதான் மேல்காலம்! டிடிஆர் (இரட்டைத் தரவு வீதம்) என்பதற்கே அந்தச் சொல்லைத் தரலாம். ஓவர்கிளாக்கிங்கில் தாளமே ஓடுகிறது. எங்களிடம் அதற்குக் காலப்பிரமாணம் ஏறிவிட்டது என்று பெயர். அது குறையாகத்தான் சொல்லப்படும்.

கும்பகோணம்

---

எல்லோருக்கும் வணக்கம்.

கும்பகோணத்து அன்பருக்கு நன்றி. இவ்வளவு தெளிவாக டிடிஆரை எனக்கு வேறு யாரும் விளக்கியதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் கடிகாரம் என்று யாரும் கதைப்பதில்லை, மணிக்கூடு என்றுதான் சொல்லுவோம். "மிகைக் கடிகாரமிடல்" எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு அந்நியம். துடிப்பு இரு கரைக்கும் பொது. மிகைத்துடிப்பு என்று போடலாம் என்று முதலில் நினைத்தேன். அதைக் கேட்ட என் தங்கை (அவள் தாதி) அது இதயக் கோளாறு போலக் கிடக்கிறது என்றாள். அப்ப "துடிப்பேற்றம்" எப்படி? துடிப்பேற்று, துடிப்பேற்றிய நினைவகம், துடிப்பேற்றிச் சோதிக்க என்று எல்லா வடிவமும் வரும். குறைத்து ஓட்டுவதற்குத் துடிப்பிறக்கம்.

தஞ்சாவூர் ஐயாவுக்கு ஒன்று. கடிகை வடமொழிக் கடிகாவில் இருந்து வந்தது, அதன் அடி குடம் என்று பொருள்படும் சொல் என்றே படித்திருக்கிறேன். கன்னலும் நீர்க் கலம்தான். வடசொல்லாக இருந்தால் என்ன குறை?

யாழ்ப்பாணம்

---

யாழ்ப்பாண அன்பருக்கு,

குறை என்று நான் சொல்லவில்லை. வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். ஆனால் குடம் என்னும் பொருளில் நின்ற சொல் காலத்துக்கு எப்படிப் போயிற்று என்று காட்டவேண்டாமா? கலத்தால் அளந்ததால் ஆகுபெயர் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடி என்னும் உரிச்சொல்லில் வரைவு, விரைவு இரண்டும் ஒருங்கே நிற்பது தற்செயலா? கதழ்வும் துனைவும்கூட விரைவுதான். துனைதுடிப்பு என்றாலும் எனக்குச் சம்மதம்.

சென்னைத் தம்பி "கடிசொல் இல்லை" என்ற நூற்பாவைக் காட்டினார். அங்கே கடி என்பதற்கு விலக்குதல் என்று பொருள். காலத்தால் வழக்கில் வந்த சொல்லை விலக்காதே என்பது சரி. எந்தச் சொல்லையும் ஆக்காதே என்று அது சொல்லவில்லை. தேடிப் பார்க்காமலே ஓவர்கிளாக்கை எழுதிக்கொண்டால், அடுத்த தலைமுறை தேடுவதையே விட்டுவிடும். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பல வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர்

---

ஐயா,

"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றும் உரியியலில்தான் இருக்கிறது. வேர் கிடைக்கவில்லை என்றாலும் சொல் வேலை செய்யும். துடிப்பேற்றம் எனக்குப் புரிகிறது, கடையில் சொன்னால் பையனுக்கும் புரியும். என் வாக்கு அதற்கே. முதல் இடத்தில் மட்டும் ஓவர்கிளாக்கிங்கைக் கூடவே எழுதுங்கள். இணையத்தில் தேடுவதற்கு அது வேண்டும்.

சென்னை

---

எனக்குத் துடிப்பேற்றத்தில் ஒரு தடை இருக்கிறது.

6000 சிஎல்36-இல் ஓடும் ராமை 6000-இலேயே வைத்துச் சிஎல்30-க்குக் கொண்டுவருகிறோம். காத்திருப்பு 12 நானோநொடியிலிருந்து 10 ஆகிறது. துடிப்பு ஏறவே இல்லை. ஆனாலும் ஓவர்கிளாக்கிங் என்றுதான் சொல்கிறார்கள், சோதனையும் அதே கடுமையோடு செய்யவேண்டும். பலருக்கு நிலைப்பு போவது இங்கேதான். ஆங்கிலச் சொல்லில் உள்ள குறையை நாமும் ஏன் சுமக்கவேண்டும்?

இந்த இறுக்கும் வேலைக்கு இலக்கணத்தில் சொல் தயாராக இருக்கிறது. ஓர் எழுத்து ஒலிக்கும் அளவு மாத்திரை. "கண்ணிமை நொடி என அவ்வே மாத்திரை". தன் அளவிலிருந்து குறைந்தால் அது குறுக்கம். ஐகாரக் குறுக்கம் பத்தாம் வகுப்பு வரை வந்த எல்லோரும் படித்தது. எழுத்து மாறுவதில்லை, ஒலிக்கும் நேரம்தான் குறைகிறது. நினைவகத்திலும் தரவு அதேதான், காத்திருக்கும் நேரம் மட்டும் குறைகிறது. "காலக்குறுக்கம்" என்று இதற்கு வைக்கலாம். துடிப்பேற்றம், காலக்குறுக்கம் இரண்டுக்கும் பொதுவாக "வரம்பேற்றம்" என்று ஒரு பெரிய சொல் வேண்டும்.

பெங்களூர்

---

குறுக்கம் மிக நன்று. அதை நான் மனமார ஏற்கிறேன். வரம்பேற்றம் வேண்டாம். வரம்பு ஏறுவதில்லை, அது அங்கேயே இருக்கிறது; நாம்தான் அதைத் தாண்டுகிறோம். "வரம்பிகத்தல்" என்க. இகத்தல் என்றால் கடத்தல்.

தஞ்சாவூர்

---

நண்பர்களுக்கு நன்றி. நாளை காலை கோப்பை அனுப்பியாகவேண்டும் என்பதால் இப்படி முடிவு செய்திருக்கிறேன்.

ஓவர்கிளாக்கிங்குக்குத் துடிப்பேற்றம். சென்னை, யாழ்ப்பாணம் இருவரும் ஒப்பினார்கள். முதல் பக்கத்தில் மட்டும் இரண்டு சொல்லும் சேர்ந்து வரும். கேட்ட தரவு வந்துசேரும் நேரத்துக்குச் சுணக்கம். குழுவில் முன்பே பேசிய சொல், யாரும் மறுக்கவில்லை. நேர அளவுகளை இறுக்குவதற்குக் காலக்குறுக்கம். டிடிஆர் அப்படியே டிடிஆர். மேல்கால உவமையை விளக்கப் பெட்டியில் சேர்த்துக்கொள்கிறேன். வரம்பேற்றம், வரம்பிகத்தல் இரண்டையும் இந்தப் பதிப்பில் தொடவில்லை.

ஒரு பிழை வந்தாலும் தோல்வி என்பது தடித்த எழுத்தில் இருக்கிறது.

திருநெல்வேலி

---

ஆசிரியைக்கு,

அவசரம் புரிகிறது. ஆனாலும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். துடிப்பேற்றம் என்று தலைப்பு வைத்துவிட்டு அதன் கீழே காலக்குறுக்கத்தையும் சொல்லிக்கொடுத்தால், துடிப்பை ஏற்றாதவரை ஆபத்து இல்லை என்று மாணவர் எடுத்துக்கொள்வார். பொதுச்சொல் இல்லாமல் இது தீராது. அடுத்த பதிப்புக்குள் அதைப் பேசி முடிப்போம். இப்போதைக்கு மூன்று திருத்தமாவது செய்யுங்கள். அட்டவணையில் 6000-க்குப் பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் என்று போடாமல், நொடிக்கு இத்தனை பத்து இலட்சம் பரிமாற்றம் என்று எழுதுங்கள். சுணக்கத்தைத் துடிப்புக் கணக்கில் மட்டும் கொடுக்காமல் நானோநொடியிலும் ஒரு நெடுவரிசை சேருங்கள். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ராம் ஓடும் எண்ணால் (6000-இல் ஓடினால் 6000-ஆல்) வகுத்தால் போதும். எந்த ஓர் அளவை மாற்றினாலும், துடிப்பு ஏறினாலும் ஏறாவிட்டாலும், முழுச் சோதனையையும் முதலிலிருந்து ஓட்டவேண்டும் என்று ஒரு வரி.

பெங்களூர்