பிரிண்டர் 'ஆன் தி நெட்வொர்க்'கா, 'இன் தி நெட்வொர்க்'கா?

கேள்வி:
வணக்கம். அலுவலக பிரிண்டரை நிறுவுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி எழுதுகிறேன். 'தி பிரிண்டர் இஸ் இன் தி நெட்வொர்க்' என்று எழுதினால் 'ஆன்' என்று திருத்துகிறார்கள். 'ஓவர்', 'அக்ராஸ்' எல்லாம் வேறு கண்ணில் படுகின்றன. தமிழில் பெரும்பாலும் 'நெட்வொர்க்கில்' என்றே முடிந்துவிடும். எது எங்கே வரும்?

பதில் 1:
திருத்தம் சரிதான். குழப்பத்துக்கு வேர் நம் 'இல்' உருபு. மேசையில், பெட்டியில் இரண்டுக்கும் நமக்கு அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மேசைக்கு 'ஆன்', பெட்டிக்கு 'இன்'. கேபிளிலோ வைஃபையிலோ சேர்ந்த ஒரு கருவியை மற்ற கருவிகள் எட்ட முடிந்தால் அது 'ஆன் தி நெட்வொர்க்'. கேபிளைப் பிடுங்கினால் 'ஆஃப் தி நெட்வொர்க்'. இந்த 'ஆஃப்' எதிர்ச்சொல்லை நினைவில் வைத்தால் 'ஆன்' தானாக வரும்.

'இன்' தவறான சொல் அல்ல. நெட்வொர்க்கை முழு அமைப்பாகப் பார்த்து அதன் உறுப்புகளைச் சொல்லும்போது அதுதான் பொருந்தும்: 'தேர் ஆர் த்ரீ ஸ்விட்சஸ் இன் தி நெட்வொர்க்' (இங்கே ஸ்விட்ச் என்பது கருவிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி). பழுதுக்கும் அப்படியே, 'எ ஃபால்ட் இன் தி நெட்வொர்க்'.

பதில் 2:
'ஓவர்' என்பது தரவு போகும் வழி. பென் டிரைவில் கொடுக்காமல் நெட்வொர்க் வழியாகக் கோப்பை அனுப்பினால் 'ஓவர் தி நெட்வொர்க்'. எல்லாக் கணினிகளுக்கும் ஒரு அப்டேட் பரவினால் 'அக்ராஸ்'.

'கனெக்ட் வித் தி நெட்வொர்க்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'நெட்வொர்க்கோடு இணை' என்பதிலுள்ள 'ஓடு' அங்கே 'வித்' ஆகிவிடுகிறது. கருவிக்கு 'கனெக்ட் டு'தான்.

பதில் 3:
'ஆன் தி சேம் நெட்வொர்க்' என்ற தொடர் உங்கள் வழிகாட்டியில் நிச்சயம் வரும். அதைச் சரிபார்க்கும் வழியையும் கூடவே எழுதுங்கள், ஏனென்றால் ஒரே அறை, ஒரே ரவுட்டர் என்பதாலேயே ஒரே நெட்வொர்க் ஆகிவிடாது. பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தில் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண், 192.168.1.40 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுங்கள். 192.168.1.15 என்று வந்து, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் பொருந்துகின்றன, ஒரே நெட்வொர்க். 192.168.2.15 என்று வந்தால் வேறு. லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிள் செருகி விளக்கு எரிந்தாலும் அந்தக் கருவியை 'ஆன் தி நெட்வொர்க்' என்று எழுத முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிரிண்டர் மட்டும் கிடைக்காதபோது 'தி நெட்வொர்க் இஸ் டவுன்' எனலாமா?

பதில் 1:
கூடாது. அது நெட்வொர்க்கே விழுந்துவிட்டது என்று பொருள்படும். படிப்பவர் ரவுட்டரை அணைத்துப் போடுவார், மற்றவர்களின் வேலையும் நின்றுவிடும். 'தி பிரிண்டர் இஸ் ஆஃப்லைன்' என்று எழுதுங்கள்.