60-க்கு 90 மனை, கீழே பார்க்கிங், மேலே 4 மாடி: கான்ட்ராக்டர் சொல்லும் சதுர அடி ரேட் போதுமா?

காளப்பட்டி_60x90

கோவையில் 40 அடி ரோட்டில் 60-க்கு 90 மனை, 5,400 சதுர அடி. கீழே முழுக்க பார்க்கிங். முதல் மாடி கடைகளுக்கு, மேலே மூன்று மாடி ஆபீஸ் வாடகைக்கு. மாடிக்கு 2,700 வீதம் 10,800 சதுர அடி வருகிறது. பார்க்கிங், மொட்டைமாடி ஹெட்ரூம் (படிக்கட்டு போய் முடியும் அறை) எல்லாம் சேர்த்து 13,800 சதுர அடி என்று கான்ட்ராக்டர் கணக்குப் போட்டு, சதுர அடிக்கு 2,350 கேட்கிறார். மொத்தம் 3 கோடியே 24 லட்சம். மாடி பிளான் மட்டும் கையில் இருக்கிறது, மண் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. இந்தத் தொகையை வைத்து பேங்க் லோனுக்குப் போகலாமா?

ரசமட்டம்

ரேட் அப்புறம் சார். மாடி பிளானை மூடி வைத்துவிட்டு முதலில் பார்க்கிங் பிளானைப் போடச் சொல்லுங்கள். பில்லர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆபீஸ் ரூம் இல்லை, கார்.

உங்கள் மனையில் நாலு பக்க இடைவெளியும் விட்டபின் கட்டடம் 12.8-க்கு 19.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காருக்கு 2.5-க்கு 5 மீட்டர். 19.5-ஐ மூன்று சமபாகமாக 6.5, 6.5, 6.5 என்று பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு பாகத்தில் இரண்டு கார்தான் நிற்கும், மீதி ஒரு மீட்டர் வீண். படிக்கட்டும் லிஃப்டும் ஒரு பாகத்தைத் தின்றுவிடும். மிச்சம் 4 கார்.

அதையே 3.6, 7.95, 7.95 என்று பிரியுங்கள். 450 மி.மீ. பில்லர் போக உள்ளே 7.5 மீட்டர் கிடைக்கும், பாகத்துக்கு மூன்று கார், மொத்தம் 6. அந்த 3.6 மீட்டர் பாகம் படிக்கட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். கடை, ஆபீஸ் கட்டடத்தில் படி அகலம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற ஒன்று, திரும்ப ஒன்று, நடுவில் சின்ன இடைவெளி, சுவர், எல்லாம் அதற்குள் அடங்கும். மாடி உயரம் 3.6 மீட்டர் என்றால் 15 செ.மீ. படி 24, பக்கத்துக்கு 12. மிதிபடி 30 செ.மீ. வைத்தால் இரண்டு லேண்டிங்கோடு சேர்த்து 6.3 மீட்டர் நீளம்.

இதற்கு விலை உண்டு. 8 மீட்டர் ஸ்பானுக்கு, அதாவது பில்லருக்குப் பில்லர் தூரத்துக்கு, பீம் 650 மி.மீ. ஆழம் கேட்கும். அது நேராக உயரக் கணக்கில் வந்து இடிக்கும். தமிழ்நாட்டின் 2019 விதிகளில் 18.30 மீட்டர் வரைதான் உயர்மாடி அல்லாத கட்டடம். அதற்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். உங்கள் 10,800 அந்தக் கணக்கில்தான் வந்திருக்கிறது. தரைமட்டம் 0.3, பார்க்கிங் 3.2, நாலு மாடி 14.4, ஆக 17.9. கையில் இருப்பது 40 செ.மீ. மட்டும். "மாடிக்கு அரை அடி ஏத்திக்கலாம்" என்று சைட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாண்டினால் உயர்மாடி வகை. ரோடு அகலம், இடைவெளி, தீயணைப்பு என்று எல்லாமே வேறு கணக்கு.

அப்புறம் மண். நடு பில்லர் ஒன்று தாங்கும் பரப்பு மாடிக்கு 51 சதுர மீட்டர். சொந்த எடை, ஆள் எடை எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 1.3 டன் என்றால் ஐந்து ஸ்லாபுக்கு 330 டன். ஃபுட்டிங்கின் (பில்லருக்குக் கீழே வரும் அஸ்திவாரம்) சொந்த எடைக்குப் பத்து சதவீதம் கூட்டி, மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் ஃபுட்டிங் 4.3 மீட்டர் சதுரம். 10 டன்தான் என்றால் 6 மீட்டர் சதுரம்; பக்கத்து ஃபுட்டிங்கோடு முட்டிக்கொள்ளும். அப்போது ராஃப்ட் (எல்லாப் பில்லருக்கும் சேர்த்து ஒரே கான்கிரீட் பலகை) அல்லது பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்). கோவை கரிசலும் பாறையும் கலந்த ஊர், பக்கத்து மனை ரிப்போர்ட் உதவாது. மனைக்குள் மூன்று இடத்தில் மண் பரிசோதனைக்குத் துளை போட்டு ரிப்போர்ட் வரும்வரை எந்த எஸ்டிமேட்டும் ஊகம்தான்.

தூக்குக்குண்டு

மேலே சொன்னதோடு ஒன்று. கீழே சுவரே இல்லாத பார்க்கிங், மேலே நாலு மாடி சுவர்: நிலநடுக்கத்தில் முதலில் மடிவது அந்தக் கீழ்த்தளப் பில்லர்கள்தான். நிலநடுக்க டிசைனுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ்.1893-இன் 2016 பதிப்பில் கோவை மூன்றாம் மண்டலம். லிஃப்ட் சுவரை செங்கல்லில் கட்டாமல் கான்கிரீட் சுவராகவே டிசைன் செய்யலாம். ஆனால் அது ஒரு மூலையில் மட்டும் இருந்தால் கட்டடம் முறுக்கும். எதிர்ப்பக்கமும் ஒரு கான்கிரீட் சுவர் வேண்டும்.

சுவருக்குள் ஒளிக்கும் 9 அங்குலப் பில்லர் இங்கே செல்லாது. ஐ.எஸ்.13920 படி பில்லரின் சின்ன பக்கம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பீம் கம்பி விட்டத்தைப் போல 20 மடங்காவது இருக்க வேண்டும். 20 மி.மீ. கம்பி ஓடினால் 400.

டிசைனரிடம் எந்த மாடி கடை, எந்த மாடி ஆபீஸ் என்று எழுதிக் கொடுங்கள். தளம் தாங்க வேண்டிய ஆள், சாமான் எடை கடைக்கு சதுர மீட்டருக்கு 400 கிலோ. ஆபீஸுக்கு ஸ்டோர் தனியாக இருந்தால் 250, இல்லையென்றால் 400. வாடகைக்கு யார் வருவார்கள் என்று தெரியாத கட்டடத்தில் எல்லா மாடிக்கும் 400 போடுவதுதான் புத்திசாலித்தனம். பின்னால் ஒரு மாடியைச் சரக்குக் கிடங்காக விட்டால் அதுவும் போதாது. கிடங்குக்கு குறைந்தது 750.

லிஃப்ட் குழியையும் மறக்காதீர்கள். தரைக்குக் கீழே ஒன்றரை மீட்டர் இறங்கும், பக்கத்து ஃபுட்டிங் மேலேயே வந்து உட்காரும். ஃபுட்டிங் போட்டபின் லிஃப்ட் டிராயிங் வந்தால் உடைப்பு வேலைதான்.

காளப்பட்டி_60x90

நன்றிங்க. மண் பரிசோதனைக்கு இந்த வாரமே சொல்லிவிடுகிறேன். அப்போ 2,350 ரேட் அதிகமா, குறைவா?

அளவுப்புத்தகம்

எதைச் சேர்த்து 2,350 என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாதுங்க. முதல் கேள்வி, பார்க்கிங்குக்கும் அதே ரேட்டா? சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, டைல்ஸ் இல்லை. அதைத் தனி ரேட்டில் பேசுங்கள். ஹெட்ரூம், சம்ப், சன்ஷேடு எதை எப்படி அளப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அளவைச் சரிபார்க்கத் தோராயமாக ஒரு கணக்கு. இந்த மாதிரி கட்டடத்துக்கு சதுர அடிக்கு 4 முதல் 4.5 கிலோ கம்பி. 4.2 என்றால் 58 டன். கான்கிரீட் சதுர மீட்டருக்கு 0.4 கன மீட்டர் வீதம் 510 கன மீட்டர் சுமார். வகுத்தால் கன மீட்டருக்கு 113 கிலோ கம்பி, நம்பும்படி இருக்கிறது. எஸ்டிமேட்டில் 80 என்று வந்தால் எதையோ விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் லேப்பாக, அதாவது ஒரு கம்பியை அடுத்ததோடு சேர்க்க ஒட்டி வைக்கும் நீளமாக இருக்கும். 20 மி.மீ. பில்லர் கம்பிக்கு 50 மடங்கு லேப் என்றால் ஒரு மீட்டர், 3.6 மீட்டர் மாடிக்கு ஒரு மீட்டர் என்றால் பில்லரின் நெடுக்குக் கம்பியில் 28 சதவீதம் கூடுதல். ஸ்பான் வேறு 8 மீட்டர், அதனால் 4.5 பக்கமே எதிர்பாருங்கள். கம்பி எடைக்கு விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்குக் கிலோ. பில் வரும்போது நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ரெடிமிக்ஸ் வாங்கினால் அதில் சிமென்ட் ஏற்கனவே இருக்கிறது. "சதுர அடிக்கு 0.42 மூட்டை" கணக்கில் தனியாக ஒருமுறை சிமென்டும் சேர்த்தால் இரட்டிப்பு. இந்தத் தப்பு அடிக்கடி வரும்.

பூச்சு வேலையை அளக்கும் தரநிலை ஐ.எஸ்.1200: அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்கு எதையும் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்கலாம். கதவு ஜன்னலுக்கு எதையுமே கழிக்காமல் பில் போடுவது வழக்கம், கவனியுங்கள்.

வழக்கமாக அந்த ரேட்டுக்குள் வராதவை: லிஃப்ட், ஜெனரேட்டர், மின் இணைப்பு, தீயணைப்பு, சம்ப், கழிவுநீர்த் தொட்டி, மழைநீர் சேகரிப்பு, காம்பவுண்ட், முன்பக்கக் கண்ணாடி, அனுமதிக் கட்டணம், 1 சதவீதத் தொழிலாளர் நல நிதி. இவற்றுக்கு மட்டும் கட்டுமானத் தொகையில் கால் பங்கு ஒதுக்குங்கள். ஏ.சி. அதிலும் சேராது.

ரசமட்டம்

மின்சாரத்தை இப்பவே கணக்கிடுங்கள். உபயோகப் பரப்பு 8,100 சதுர அடி, 150-க்கு ஒரு டன் ஏ.சி. என்றால் 54 டன், சுமார் 65 கிலோவாட். விளக்கு, கம்ப்யூட்டர் 24, லிஃப்ட் பம்பு 12. நூறைத் தொட்டுவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கச் சொன்னால் முன்பக்கத்தில் இடம் வேண்டும். அங்கே நீங்கள் கார் நிறுத்தப் பிளான் போட்டிருப்பீர்கள்.

அளவுப்புத்தகம்

முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்த 2,350-க்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமா, உள்ளடங்கியதா? மேல் என்றால் 58 லட்சம். வாடகையில் வசூலிக்கும் ஜி.எஸ்.டி.யில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லலாம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை வைத்து அப்படி ஒரு பேச்சு இருந்தது. 2025 நிதிச் சட்டம் பின்தேதியிட்டு அந்த வழியை அடைத்துவிட்டது. முழுத் தொகையும் செலவுதான் என்று வைத்து பேங்குக்குப் போங்கள்.

ஆக 3.24, வரி 0.58, மேலே சொன்ன கால் பங்கு 0.81, எதிர்பாராததற்கு 5 சதவீதம் 0.16. நாலே முக்கால் கோடியைத் தாண்டுகிறது. இதில் ராஃப்ட் இல்லை.

காளப்பட்டி_60x90

நாலே முக்கால்! சரி, மண் ரிப்போர்ட் வந்ததும் புது பார்க்கிங் பிளானோடு இங்கேயே போடுகிறேன்.