சம்ப்பில் கசடு குவிகிறது, பம்ப் மாற்றியும் சரியாகவில்லை – உதவி வேண்டும்

கேட்டவர் (மணவாளக்குறிச்சி பக்கம்)

அண்ணன்மாரே, 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரமும் அவ்வளவே உள்ள கடல்நீர்த் தொட்டி வைத்து ஒன்பது மாதம் ஆகிறது. மென்பவளங்களும் இரண்டு கோமாளி மீனும்தான் இருக்கின்றன. கீழே 3 அடி சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வழிந்து வந்து சுத்தமாகித் திரும்பும் வடிகட்டித் தொட்டி), அகலம் ஒன்றேகால் அடி. முதல் அறையில் ஃபில்டர் சாக் என்ற வடிகட்டும் துணிப்பை, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர். நடுவில் நைட்ரேட்டை உறிஞ்சக் கீட்டோ பாசி, அதன் அடியில் லைவ் ராக் (நுண்ணுயிர் வாழும் கடல் பாறை) துண்டுகளும் எங்கள் கடற்கரை மணலும். கடைசியில் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் மணிக்கு 3000 லிட்டர் பம்ப். இரண்டு மாதமாக நடு அறையில் அரை அங்குலத்துக்குப் பழுப்புக் கசடு படிகிறது, பாசி மேலேயும் தூசி மாதிரி மூடிக்கிடக்கிறது, கையை விட்டால் அழுகிய முட்டை நாற்றம். கழிவால் சேரும் நைட்ரேட் 50 ppm. தண்ணீர் ஓட்டமும் குறைந்துவிட்டதால் 5000 லிட்டர் பம்ப் வாங்கி மாட்டினேன். இப்போது தொட்டி முழுக்கக் குமிழி, ஸ்கிம்மர் பொங்குகிறது, நேற்று காற்றில் கரண்ட் போனதும் சம்ப் வழிந்து தரையெல்லாம் உப்புத் தண்ணீர். ஒரு பவளம் மூன்று நாளாக விரியவில்லை, மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

தக்கலையிலிருந்து

தம்பி, முதலில் பழைய பம்பையே திரும்ப மாட்டுங்க. சம்ப்புக்கு வேகம் தேவையில்லை. உங்கள் தொட்டி சுமார் 250 லிட்டர்; மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது ஆயிரம் லிட்டர் பக்கம் சுற்றினால் போதும், 3000 பம்ப் மேலே ஏற்றும்போது பாதிதான் தள்ளினாலும் மிச்சம். வேகம் கூடினால் முதல் அறையில் தண்ணீர் மட்டம் ஏறும், ஸ்கிம்மர் பொங்கும், குமிழி உடைய நேரமில்லாமல் அப்படியே மேலே போகும்.

வேகம் வேண்டியது மேல் தொட்டியில். அங்கே வேவ்மேக்கர் (அலை எழுப்பும் சின்ன மோட்டார்) வைத்துப் பாறைக்குப் பின்னால் இருக்கிற மூலையையும் அசைய விட்டால்தான் கழிவு மிதந்து, தண்ணீர் சம்ப்புக்கு வழிகிற ஓவர்ஃப்ளோவுக்கு வரும். வாரம் ஒருமுறை பெரிய சிரிஞ்சால் பாறை இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சுங்க, புகை மாதிரி கிளம்பும். அதைப் பிடிக்கத்தான் சாக். மூன்று நாளுக்கு ஒருமுறை சாக்கைக் கழற்றித் துவைக்கணும், அடைத்துவிட்டால் தண்ணீர் விளிம்பு வழியாகவே நேராகக் கீழே போய்விடும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நடு அறையில் கல், மணல் எதுவும் வேண்டாம், வெறும் கண்ணாடி போதும். தண்ணீர் மெதுவாகிற இடத்தில் கசடு படியத்தான் செய்யும், படியட்டும், நம் கைக்கு எட்டுகிற இடத்தில் படிந்தால் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். ஆனால் ஒரே நாளில் கிளறாதீங்க. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைட், மேலே போனால் மீன் செத்துப்போகும். பம்பை நிறுத்திவிட்டு, கலக்காமல், கால்வாசி கால்வாசியாக எடுத்து, எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் விடுங்க.

குளச்சலிலிருந்து

மக்கா, அந்தப் பழைய பம்பைக் கழற்றி உள்ளே சுற்றுகிற காந்த ரோட்டரைப் பார்த்தியா? நம்ம கரை மணலில் இல்மனைட் என்கிற கருப்புத் தாது கிடக்கு, காந்தத்தில் ஒட்டும். எனக்கு இதே மாதிரி ஓட்டம் குறைந்தது. ரோட்டரை உருவிப் பார்த்தால் கருப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கிடந்தது, தண்டும் தேய்ந்துபோச்சு. கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் ஒட்டினால் கண்ணாடியிலும் கீறல் விழும். கதிரியக்கம் உள்ள மோனசைட் தாதுவும் கலந்த மணல் அது, தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துரு.

குழித்துறையிலிருந்து

தரை நனைந்ததற்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் தொட்டியில் 1 அங்குலம் என்பது 14 லிட்டர். கரண்ட் போனதும், பம்பிலிருந்து மேலே போகிற ரிட்டர்ன் குழாய் வழியாக 2 அங்குலம் இறங்கினால் 28 லிட்டர், அந்தச் சம்ப்பில் 3 அங்குலத்துக்கு மேல் ஏறும். குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மட்டத்தை ஒட்டிக் குழாயில் சின்னத் துளையும் போடலாம், பாசி அடைக்காமல் பார்க்கணும். அப்புறம் பம்பை நிறுத்திப் பார்த்துச் சம்ப்பில் எதுவரை ஏறுகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடல்நீர் எங்கே எடுக்கிறீர்கள்? மழைக்குப் பின் மணக்குடி, தேங்காப்பட்டணம் பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் இடம்) பக்கம் எடுத்தால் உப்பும் குறைவு, சேறும் கூட வரும், அதுவும் கசடாகத்தான் படியும். இரண்டு நாள் டிரம்மில் தெளியவைத்து, அடர்த்தி 1.025 பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கேட்டவர்

குளச்சல் அண்ணே, நீங்கள் சொன்னதுதான்! ரோட்டரில் கருப்பாக ஒட்டியிருந்தது, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத்தான் போனது. பழைய பம்ப் மாட்டியாச்சு, குமிழி நின்றுவிட்டது. கசடு கால்பாகம் எடுத்தேன், ஒரு வாளி. அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

தக்கலையிலிருந்து

தென்னை மூட்டில் ஊற்றுங்க தம்பி, உப்பைத் தாங்கும். வாழைப் பக்கம் மட்டும் போகவேண்டாம்.

கேட்டவர்

சரி அண்ணே. நான்கு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முடித்துவிட்டேன். நைட்ரேட் 20க்கு வந்திருக்கிறது. அந்தப் பவளம் இன்று காலையில் முழுசாக விரிந்தது.