காரைக்குடி குரோஷா வகுப்பு: வட்டம் ஏன் குழிகிறது? (புதுப்பிப்பு)

நூல்கடையில் சனிக்கிழமை மதியம் நடக்கும் குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) வகுப்பைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். டம்ளர் விரிப்பு தட்டையாக வராமல் குழிந்துபோகிறது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். காரணம் பெரும்பாலும் எண்ணிக்கைதான்.

சிங்கிள் குரோஷா என்ற அடிப்படைப் பின்னலில் முதல் சுற்று 6 கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி). அதன்பின் சுற்றுக்கு 6 கூட வேண்டும்: 12, 18, 24. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. நான்காவதில் இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, அடுத்ததில் இரண்டு. கூட்டுவது குறைந்தால் குழியும். அதிகமானால் ஓரம் சேலைக் கொசுவம் மாதிரி அலையடிக்கும். கூட்டுவதை எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் வைத்தால் வட்டம் அறுகோணமாகிவிடும், இடம் மாற்றிப் போடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிந்தால் கை இறுக்கம், 3.5 மி.மீ. ஊசியை விட்டு 4 எடுங்கள்.

ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல்துண்டைக் கோத்து வையுங்கள். இதைச் செய்யாததால்தான் கணக்கு தப்புகிறது.

வீடியோ பார்த்துப் பின்னுபவர்களுக்கு ஒன்று: பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பது அமெரிக்க முறையில் சிங்கிள். இதைக் கவனிக்காமல் பின்னினால் அளவே மாறிவிடும்.

வகுப்பு இப்போது கடைக்குப் பின்னால் உள்ள வீட்டு வளவில் நடக்கிறது. வெளிச்சம் நன்றாக இருப்பதால் வயதான ஆச்சிமாருக்கும் கண்ணி தெரிகிறது. புதிதாக வருபவர்கள் வெளிர் நிறப் பருத்தி நூல் வாங்குங்கள், கறுப்பு வேண்டாம். சூடான டம்ளருக்கு அக்ரிலிக் சரிப்படாது, சூட்டில் இளகும். பெரிய வேலைக்கு முழு நூலையும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) சேர்த்து வாங்கிவிடுங்கள், பிறகு அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.