மறு: சைலன்ட் லெட்டர் – ஒரு சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலச் சொற்களில் எழுதினாலும் ஒலிக்காத 'சைலன்ட் லெட்டர்'க்குப் பாடநூலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன்; இப்போது என் பங்கு.

> 'ஊமை எழுத்து' என்றே வைத்துவிடலாம். கேட்டதும் புரியும்.

புரியும், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. பேச இயலாதவர்களைச் சுட்டும் சொல்லைப் பாடநூலில் ஒட்ட வேண்டாம். தவிர, சித்தர் பாடல்களில் ஊமை எழுத்து என்றால் அது வேறு சமாச்சாரம். 'மௌன எழுத்து' ஏற்கெனவே புழங்குகிறது, பழுதில்லை. 'ஒலியா எழுத்து' அதைவிடத் தெளிவு. என் வாக்கு அதற்கே.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன வாரம் 'நைஃப்' (கத்தி) என்ற சொல்லை எழுத்துக்கூட்டி 'க்னிஃபெ' என்று படித்தாள். முதலில் உள்ள கே, கடைசியில் உள்ள ஈ, இரண்டுமே ஒலிக்காது என்றேன். சரி என்று பென்சிலை எடுத்து இரண்டையும் அடித்துவிட்டாள். மிச்சம் இருந்ததைப் படித்தால் 'நிஃப்'! கே போனதால் ஒரு நஷ்டமும் இல்லை. ஈ போனதும் ஐகாரமே காணாமல் போயிற்று. "சத்தமே போடாததுக்கு எதுக்குப்பா இவ்வளவு வேலை?" என்றாள். சைலன்ட் லெட்டர் என்று ஒரே பெயரில் நாம் கட்டிவைத்திருப்பது இரண்டு வேறு ஆட்களை.

கே ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். 1476-ல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது ஆங்கிலேயர் வாயிலும் அந்தக் ககரம் இருந்தது. பிறகு நாக்கு அதை விட்டுவிட்டது, அச்சு விடவில்லை. 'டெட்' (கடன்) என்ற சொல்லின் பி-க்கு அந்தப் பெருமைகூடக் கிடையாது. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லுக்கு, லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று படித்தவர்கள் செருகியது. ஆங்கிலத்தில் அது ஒரு நாளும் ஒலித்ததில்லை. 'ஐலண்ட்' (தீவு) என்பதில் உள்ள எஸ் இன்னும் மோசம். தவறான உறவுமுறை கற்பித்து நுழைத்தது.

கடைசி ஈ அப்படியல்ல. தான் ஒலிக்காமல் முன்னால் நிற்கும் உயிர் எப்படி ஒலிக்க வேண்டும் என்று காட்டுகிறது. கடைசியில் ஈ சேர்ந்ததும் ஹாப் ஹோப் ஆவதும், மேட் மெய்ட் ஆவதும் அதன் வேலை. இந்த வேலை தமிழுக்குப் புதிதா? 'கெடுப்பதூஉம்' என்ற குறளில் 'தூ'வுக்குப் பின் நிற்கும் உகரத்தைப் பாருங்கள். அதைத் தனி எழுத்தாகப் பிரித்துப் படிக்க மாட்டோம். நெடிலை நீட்டு என்று சொல்ல நிற்கிறது. இப்படி நீட்டுவதுதான் அளபெடை. அதைப் பற்றிய நன்னூல் சூத்திரம் 'இனக்குறில் குறியே' (இனமான குறிலே அதற்கு அடையாளம்) என்றே முடிகிறது. நன்னூல் எழுதிய பவணந்தியார் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே: குறியெழுத்து. ஒலியா எழுத்து பொதுப்பெயர்; அதில் வேலை செய்வது குறியெழுத்து.

> ஐ என்ற ஆங்கில எழுத்தின் குறில் 'இ', நெடில் 'ஐ' என்று எழுதலாமா?

வேண்டாம், தயவுசெய்து. நம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பெரும்பாலும் ஒலி ஒன்று, அளவு வேறு. 'பிட்', 'பைட்' இரண்டில் ஒலியே வேறு. ஆங்கிலத்திலும் முன்பு அது நிஜ நெடிலாகத்தான் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் 'நேம்' ஏறக்குறைய 'நாமெ'. அதற்குப் பின் சுமார் 300 ஆண்டுகளில் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன, நெடில் என்ற பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழங்கணக்கை நம் பிள்ளைகள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? அந்த இடத்தில் எழுத்து தன் பெயரைச் சொல்கிறது, அவ்வளவுதான்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. பெயரொலி என்று வைத்துப் பார்த்தேன். மகளிடம், "ஈ வந்து நின்னா ஐ தன் பேரைச் சொல்லும்" என்றேன். அடுத்த சொல்லை அவளே படித்துவிட்டாள்.

இந்தப் பிரிவினையில் ஒரு முள்ளும் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 'லைட்' என்பதில் வரும் ஜி-எச். முன்பு தொண்டையில் உரசி ஒலித்த எழுத்து, ஆகவே கே-யின் கூட்டாளி. ஆனால் அதை அடித்தால் 'லிட்' ஆகிவிடுகிறது, ஆகவே ஈ-யின் கூட்டாளி. வரலாற்றைப் பார்ப்பதா, இன்றைய வேலையைப் பார்ப்பதா? பாடநூலுக்கு வேலையைப் பார்த்தால் போதும், குறியெழுத்திலேயே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.