மறுசீரமைப்பு அறிவிப்பு: ஊழியர்களிடம் எதை, எப்போது, யார் சொல்வது?

கேள்வி: கோவை மனிதவளம்

வணக்கம். கோவையில் பம்புசெட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கிடங்கு, சரக்கு அனுப்பும் பிரிவு, சம்பளக் கணக்கு ஆகிய மூன்றையும் வரும் நிதியாண்டில் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்க இயக்குநர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவுகளில் ஏறக்குறைய 70 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் வெளி நிறுவனத்துக்கு மாறுவார்கள், சிலர் அசெம்பிளிக்கு மாற்றப்படுவார்கள், சிலருக்கு வேலையே இருக்காது. யாருக்கு எது என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எதுவும் பேசக் கூடாது என்பது மேலிடத்தின் உத்தரவு. ஆனால் வெளியாட்கள் வந்து கிடங்கை அளந்துவிட்டுப் போன நாளிலிருந்து கேன்டீனில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. சூப்பர்வைசர்கள் என்னிடம் நேரடியாகவே கேட்கிறார்கள். பாதி முடிவுகள் எடுக்கப்படாத நிலையில் பேசுவது சரியா, எல்லாம் முடிந்த பிறகு ஒரே நாளில் சொல்வது சரியா?

பதில்: ஓசூர் ஓய்வு மேலாளர்

பேசுவதா வேண்டாமா என்ற கட்டத்தை உங்கள் நிறுவனம் தாண்டிவிட்டது. கிடங்கை அளந்த அன்றே செய்தி வெளியேறிவிட்டது. இனி அதை யார் வாயிலிருந்து கேட்பார்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

முடிவானது எது, முடிவாகாதது எது, முடிவாகாதது எந்தத் தேதிக்குள் முடிவாகும் என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். 'மூன்று பிரிவுகள் வெளியே போகின்றன, அது உறுதி. யார் எங்கே போவார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. இன்ன தேதிக்குள் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்வோம்' என்று நேராகச் சொன்னால் கேட்பவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வராது. அந்தத் தேதியன்று சொல்ல ஒன்றுமில்லாமல் போனாலும், கூட்டத்தைத் தள்ளிப்போடாமல் அதையே அங்கே சொல்லுங்கள். 'யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது' என்ற வாக்கியத்தை மட்டும் யாரும் உச்சரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தைரியம் சொல்வதாக நினைத்து நல்ல மனிதர்களே சொல்லிவிடும் வாக்கியம் அது. பிறகு ஒருவருக்கு வேலை போனாலும் நிர்வாகம் சொல்லும் மற்ற எல்லாமே பொய்யாகத் தெரியும்.

சூப்பர்வைசர்களுக்கு முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள். தொழிலாளி உங்கள் அறைக்கு வந்து கேட்க மாட்டார்; தன் சூப்பர்வைசரைத்தான் கேட்பார். அவருக்கே விவரம் தெரியாவிட்டால், 'இவருக்கே தெரியாதென்றால் ஏதோ பெரிதாக மறைக்கிறார்கள்' என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். இரவு ஷிப்டுக்கு இயக்குநர் ஒருவர் நேரில் வர வேண்டும். பகல் ஷிப்டுக்கு இயக்குநர் பேசி, இரவு ஷிப்டுக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளின் மனக்கசப்பு ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை.

மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் உதாரணம் தருகிறேன். 2022 மார்ச் 17 அன்று பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம், முன்பே பதிவு செய்த காணொளி ஒன்றின் மூலம் ஏறத்தாழ 800 கப்பல் ஊழியர்களை ஒரே நாளில் நீக்கிவிட்டு, அவர்கள் இடத்தில் ஏஜென்சி ஆட்களை அமர்த்தியது. தொழிற்சங்கங்களைக் கலந்தாலோசிக்கும் சட்டக் கடமை இருந்தும் அதைச் செய்யவில்லை என்று அடுத்த வாரமே அதன் தலைமை நிர்வாகி நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ரகசியமாக முடித்துவிட்டால் எதிர்ப்பு இருக்காது என்று நம்புகிறவர்கள் அந்த விசாரணையைப் படிக்க வேண்டும்.

பதில்: தொழிலாளர் சட்டம்

கையெழுத்தாகும் வரை மௌனம் என்பதைச் சட்டமே முழுமையாக அனுமதிப்பதில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொடரும் விதியின்படி, ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய சீரமைப்பு போன்ற மாற்றங்களுக்குப் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்து 21 நாட்கள் ஆகாமல் மாற்றத்தைச் செய்யக் கூடாது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத அறிவிப்பும், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் குறைந்தபட்சம் உண்டு.

இன்னொன்றும் முக்கியம். ஒரு தொழிலாளியை அவர் சம்மதமில்லாமல் வேறொரு முதலாளியிடம் மாற்ற முடியாது. பிலிப்ஸ் நிறுவனத்தின் கொல்கத்தா சால்ட் லேக் ஆலை கைமாறிய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆகவே 'நீங்கள் அங்கே மாற்றப்படுகிறீர்கள்' என்று கடிதம் எழுதாதீர்கள். 'அங்கே சேர விருப்பமா' என்று கேளுங்கள். மறுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

பதில்: கிடங்குக்காரன்

நான் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். எங்கள் பிரிவை ஒப்பந்ததாரரிடம் கொடுத்தபோது, சந்தைப் போட்டி பற்றியும் நிறுவனத்தின் எதிர்காலம் பற்றியும் அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் மனதில் இருந்ததோ வேறு. பழைய சர்வீஸ் கணக்கில் வருமா, கிராஜுவிட்டியை இப்போதே முடித்துக் கொடுப்பார்களா, பிஎஃப் அதே எண்ணில் தொடருமா, மனைவியின் பிரசவம் அடுத்த மாதம், இஎஸ்ஐ இடையில் அறுந்துவிடாதே, அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும்? கடைசிக் கேள்விக்கு மேடையில் இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

தயவுசெய்து இவற்றுக்கான பதில்களை ஒவ்வொருவருக்கும் அவரவர் சேர்ந்த தேதி, அவரவர் தொகையுடன் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் காட்டிப் பேச ஒரு தாள் வேண்டும். அன்றே கையெழுத்துக் கேட்காதீர்கள்.

கோவை மனிதவளம்

அனைவருக்கும் நன்றி. 21 நாள் விதியையும் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு நாளை நிர்வாக இயக்குநரைச் சந்திக்கிறேன். கிடங்குக்காரன் கேட்ட கேள்விகளை அப்படியே வெளி நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்துபூர்வமான பதில் வந்த பிறகே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். சம்பளக் கணக்குப் பிரிவைப் பற்றித்தான் இன்னும் கவலை. 70 பேரின் இறுதிக் கணக்கையும் போட வேண்டியவர்கள் அவர்கள்தான். அதில் அவர்களுடைய கணக்கும் அடக்கம். ஆகவே மற்ற எவருக்கும் முன்பாக அவர்களை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதில்: ஓசூர் ஓய்வு மேலாளர்

ஆம், அவர்களிடமே முதலில் பேசுங்கள். அவர்களுடைய சொந்தக் கணக்கை மட்டும் வெளித் தணிக்கையாளரைக் கொண்டு போடச் சொல்லுங்கள்.