பினாங்கு, நிபோங் திபால் பக்கம் இரண்டு பன்றி வளர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. பால்குடி மறந்த குட்டி இரண்டு வாங்கி, ஆறு மாதம் போல வளர்த்து, வீட்டுக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. விற்பனைக்கு இல்லை.

என் முதல் கவலை மாமரம்தான். நிழலாக இருப்பது அந்த ஒரு மூலை மட்டுமே. ஆனால் ராத்திரியில் பழந்தின்னி வௌவால் வந்து பாதி கடித்த பழத்தைக் கீழே போடுகிறது. காலையில் பார்த்தால் எச்சில் பழமாகக் கிடக்கும். 1998, 99இல் நம் மலேசியாவில் நிப்பா கிருமி பன்றிகளுக்குத் தொற்றியது இப்படித்தான் என்கிறார்கள். அப்போது பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் அழித்தார்கள். அதனால் கொட்டகையை வெயிலில் போட்டுத் தகரக் கூரை வைக்கலாமா? உச்சி வெயிலை அவை தாங்குமா? பன்றிக்கு வேர்க்காது, தெரியும்தானே.

அடுத்தது தீவனம். அம்மா மிச்சச் சோறு, குழம்பு எல்லாம் போடலாம் என்கிறார். மிச்சத்தில் கலந்த பன்றிக் கறி வழியாகவும் பரவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2023இல் பினாங்குக்கும் வந்த பிறகு எனக்கு அதில் துணிவில்லை. மூட்டைத் தீவனத்தோடு மரவள்ளி, கங்கோங் கீரை கொடுத்தவர்கள் யாராவது உண்டா?

அப்புறம், இரண்டே இரண்டுக்கும் லைசென்ஸ் கேட்பார்களா? கால்நடை இலாகாவுக்குப் போகும்முன் என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மலாய் முஸ்லிம் குடும்பம், நல்ல மனிதர்கள். வாடையோ கழிவுநீரோ அவர்கள் பக்கம் போகவே கூடாது. அதற்கு வழியில்லை என்றால் கோழியோடு நிறுத்திக்கொள்கிறேன்.